கொடைக்கும் நாடகத்துக்கும் கிளம்புமுன்: விளாத்திகுளத்து வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஆனி நடக்கிறது. ஆடி பிறந்ததும் முளைப்பாரியில் ஆரம்பித்து, கார்த்திகையில் எட்டயபுரத்துப் பாரதி விழா வரை, விளாத்திகுளத்தைச் சுற்றி ஏதாவது ஓர் ஊரில் மேளம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பிறகு மிளகாய் வற்றல் களத்துக்கு வரும் மாசி, பங்குனியில் அடுத்த சுற்று. ஆனால் நாடகம் பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் நள்ளிரவில் எழுந்து வந்துவிடுகிறார்கள். கதை பிடிக்காமல் அல்ல. பனி, பசி, கொசு, திரும்புவதற்கு பஸ் இல்லை என்ற கவலை, இவைதான் எழுப்பிவிடுகின்றன. முதல் மூன்றும் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை; விடியும்வரை இருந்துவிட்டால் முதல் பஸ்ஸும் வந்துவிடும். மேடைக்கு முன்னால் கூட்டம் விடியும்வரை இருந்தால்தான் அடுத்த வருஷமும் ஊர்க்கூட்டத்தில் "நாடகம் வைப்போம்" என்று ஒருவர் வாய் திறப்பார். அதற்காகவே இந்தக் குறிப்புகள்.

1. தேதிகளை இப்போதே நாள்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள். ஆங்கிலத் தேதி மாறாதவை: தூத்துக்குடி பனிமய மாதா கோயில் கொடியேற்றம் ஜூலை 26, திருவிழா ஆகஸ்ட் 5. காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழா ஆகஸ்ட் 15. பாரதி பிறந்தநாள் டிசம்பர் 11. தமிழ்க் கணக்கில் வருபவை: இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடிக் கடைசி வெள்ளி, குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நவராத்திரியும் பத்தாம் நாள் இரவுச் சம்ஹாரமும், திருச்செந்தூருக்கு ஐப்பசி சஷ்டி, கழுகுமலைக்குப் பங்குனி உத்திரம். சின்ன ஊர்க் கொடைகள் எந்த நாள்காட்டியிலும் இருக்காது. அதற்கு எங்கள் வீட்டு வழி, சவுண்டு சர்வீஸ்காரரிடம் கேட்பது. எந்த ஊரில் எந்த ராத்திரி வில்லுப்பாட்டு, எங்கே நாடகம், எங்கே கரகாட்டம் என்று மூன்று மாதத்துக்கான விவரம் அவர் டைரியில் இருக்கும். பந்தல்காரரும் சொல்வார்.

2. முளைப்பாரி போடும் வீடுகளுக்கு. மொச்சை, தட்டை, பாசி போன்ற பயறுகளை முதல்நாள் இரவே ஊறவைத்து, சொத்தையாக மிதப்பதை அரித்து எடுத்துவிடுங்கள். ஓட்டின் அடியில் வைக்கோல், அதன்மேல் பொடித்த ஆட்டு எரு, அதன்மேல் விதை, மறுபடி கொஞ்சம் எரு. வெளிச்சம் நுழையாத அறையில் வைக்கவேண்டும். இருட்டில்தான் தண்டு வெளிர்மஞ்சளாக நீண்டு, ஒரே உயரத்துக்கு வரும். தண்ணீரைக் கையால் தெளியுங்கள், செம்பால் ஊற்றவேண்டாம். ஊற்றினால் நாலாம் நாள் அடி அழுகி நாற்றம் வரும். எனக்கு ஒரு வருஷம் அப்படித்தான் போய்விட்டது. பாரியைச் சுற்றிவந்து கும்மியடிக்கும் பாட்டுக்களைத் தெருவில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இப்போது முழுதாகத் தெரிகிறது. பாரி வளரும் அந்த ஏழெட்டு ராத்திரிகளில் உங்கள் மகளையும் கும்மி வட்டத்தில் நிறுத்துங்கள்.

3. நாடகத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலியை நம்பவேண்டாம். இரண்டு மணிக்கு மேல் முதுகு தாங்காது. கோரைப்பாய் ஒன்று, கனமான பழைய போர்வை ஒன்று, குழந்தைக்குத் தலையை மூட ஒரு துண்டு, டார்ச் லைட். தேங்காயெண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து கைகாலில் தடவிக்கொண்டால் கொசு அவ்வளவாக அண்டாது.

4. ராத்திரிக்குச் சுக்குக் காபி. நாலு பேருக்கு நாலரை டம்ளர் தண்ணீர், விரல்கணு அளவு சுக்கு, ஒரு மேஜைக்கரண்டி மல்லி, அரை டீஸ்பூன் மிளகு. எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, நாலு டம்ளராகச் சுண்டவிடுங்கள். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டியே சேர்க்கவேண்டும். வேம்பார்க் கருப்பட்டி என்றாலும் அடியில் கொஞ்சம் மண் தங்கும். பிளாஸ்கை முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு நிரப்பினால் விடியும்வரை சூடு நிற்கும். கூடவே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் நம் பக்கத்துச் சரக்கு. நொறுக்குத்தீனிப் பொட்டலம் போலச் சத்தம் போடாது, மேடைப்பாட்டைக் கெடுக்காது.

5. 'வள்ளி திருமணம்' பார்க்கிறவர்களுக்கு நேரக் கணக்கு. இது ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர் என்று தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. அன்று ராத்திரி மேடையில்தான் சந்திக்கிறார்கள், ஆனாலும் ஒரு சுருதி பிசகாது. பத்து மணிக்கு மேல் பபூனும் டான்ஸும். குழந்தைகள் சிரித்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள், தூங்கட்டும். வள்ளி தினைப்புனத்தில் கவணோடு நின்று ஆலோலம் பாட வரும்போது கட்டாயம் எழுப்பிவிடுங்கள். நாரதர் வந்து தர்க்கம், பிறகு வேடன் வந்து தர்க்கம். எழுதிவைத்த வசனம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் அந்த நேரத்தில் வாய்க்கு வாய் பிறப்பது. சோர்ந்து கிடந்த ஆர்மோனியம் அங்கேதான் நிமிர்ந்து உட்காரும். இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நம் மாவட்டத்து மனிதர் எழுதியதைத்தான் மதுரையும் புதுக்கோட்டையும் இன்றைக்கும் விடியவிடிய ஆடுகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

6. எல்லாவற்றிலும் முக்கியமாக நான் நினைப்பது இது. கரகம் ஆட வரும் பெண்களுக்கும், நாடகத்துக்கு வரும் ஸ்திரீபார்ட் அம்மாவுக்கும் உடை மாற்ற ஓர் அறை கொடுங்கள். தாழ்ப்பாள் உள்ள கதவு, ஒரு கண்ணாடி, ஒரு வாளித் தண்ணீர், கழிப்பறைச் சாவி. இவ்வளவுதான் கேட்கிறேன். ஓர் ஊரில், வேலிக்கருவை மறைவில் இரண்டு பெண்கள் சேலையைப் பிடித்து நிற்க, உள்ளே ஒரு பெண் சலங்கை கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் அதே பெண் தலையில் கரகத்தோடு ஏறி நின்றபோது ஊரே கைதட்டியது. மேடைக்குப் பக்கத்து வீடு உங்கள் வீடென்றால், விழாக் கமிட்டி கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம். முன்கூட்டியே போய் "எங்க வீட்டுல ஒரு ரூம் இருக்கு, மாமா" என்று சொல்லிவிடுங்கள்.

7. பாடுகிறவர்களுக்குச் சாப்பாடு எட்டு மணிக்குள் போட்டுவிடவேண்டும். தயிர், குளிர்ந்த தண்ணீர், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். மேடையில் இடைவேளைக்கு மிளகுப்பாலும் பனங்கற்கண்டும் போதும்.

8. வில்லுப்பாட்டுக்கு வலப்பக்கமாக உட்காருங்கள். கதையை எடுத்துப் பாடுகிற அண்ணாவி அந்தப் பக்கம்தான் இருப்பார், இடப்பக்கம் இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வீசுகோல் வில்லில் விழும்போது மணிகள் எப்படிச் சேர்ந்து ஒலிக்கின்றன, குடக்காரர் பானையின் வாயில் மட்டையை எந்த இடத்தில் அடக்கி எடுக்கிறார் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். போனில் பதிவு செய்வதானால் முதலில் அண்ணாவியிடம் கேளுங்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள், கேட்காமல் நீட்டினால்தான் வருத்தப்படுவார்கள். ஒலிபெருக்கிக்கு நேரே வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். மேடை ஓரத்தில் துண்டை மடித்து அதன்மேல் போனை வையுங்கள். மறுநாள் ஊர், தெய்வம், கதை, தேதி நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குலதெய்வக் கதையை முழுதாகத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால், பதிவைப் போட்டுக் காட்டி, விட்டுப்போனதைக் கேட்டு எழுதிவையுங்கள்.

9. தேவராட்டம் நடந்தால் காலைப் பாருங்கள். அதில் பாட்டு கிடையாது. தேவதுந்துபி என்கிற உருமி அடி மாற மாற, முன்னால் ஆடுகிறவர் அடியை மாற்றுவார், வரிசை மொத்தமும் அதே நொடியில் மாறும். நம் மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டிக்காரர்கள் இதில் பேர் வாங்கியவர்கள்.

10. புரட்டாசியில் குலசேகரன்பட்டினத்துக்கு விரதமிருக்கும் தசராக் குழுக்கள் வாசலுக்கு வரும். காளி, குறவன் குறத்தி, ராஜா என்று எத்தனையோ வேடம். சில்லறையை ஒரு கிண்ணத்தில் வாசல் நடையிலேயே வைத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் பீரோவுக்கு ஓடவேண்டாம். காளி வேடத்தைப் பார்த்துக் குழந்தை அழுதால் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடாமல், "நம்ம ஊரு அண்ணன்தான், நோன்பிருந்து வேஷம் போட்டிருக்கான்" என்று சொல்லிக் கையாலேயே காசு போடச் சொல்லுங்கள். பயம் போய்விடும். அவர்கள் வெறும்வயிற்றோடு வெயிலில் நடப்பவர்கள். ஒரு செம்பு மோர் கொடுத்தால் காசைவிடப் பெரிது.

11. மாட்டுவண்டிப் பந்தயம் காலையிலேயே முடிந்துவிடும். பெரிய மாட்டுக்குத் தூரம் கூடுதல், சின்ன மாட்டுக்கும் பூஞ்சிட்டுக்கும் குறைவு. பந்தயம் சாலையில் ஓடுவதால் அந்த நேரம் பஸ் நின்று வரும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். வளைவிலும் வண்டி திரும்பும் இடத்திலும் குழந்தைகளை நிறுத்தவே கூடாது.

12. ஐப்பசி மழையில் கரிசல் செருப்பில் ஒரு சாண் ஏறிவிடும். ஈரத்தோடு கழுவினால் தையலுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். நிழலில் காயவிட்டுத் தேங்காய்த் தொட்டியின் விளிம்பால் சுரண்டுங்கள், ஓடாகப் பெயர்ந்து வரும். பாவாடைக் கரையில் பட்ட சேற்றுக்கும் இதே வழிதான்.

13. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் சாப்பிட்டதும் எட்டயபுரம் போய் வாருங்கள். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் ஒரு தீபாவளி நாளில் மறைந்த ஊர் அது, சமாதியும் அங்கேதான். அவர் கீர்த்தனைகளைச் சுரத்தோடு எழுதி, சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை 1904-இல் அச்சேற்றியதும் அதே எட்டயபுரத்தில்தான். சங்கீதம் தெரியாதே என்று தயங்கவேண்டாம். ராக ஆலாபனையையே மணிக்கணக்கில் பாடிய நல்லப்ப சுவாமிகளின் பேருக்கு முன்னால் நிற்பது விளாத்திகுளம் என்ற ஊர்ப்பெயர். கேட்கிற காது நமக்குப் பரம்பரையாகவே உண்டு. வருகிற வழியில் பாரதி பிறந்த வீட்டையும் உமறுப்புலவர் நினைவிடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

14. பார்த்துவிட்டு வந்து பிள்ளை வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே இருக்கிறானா? அதட்டவேண்டாம். தூத்துக்குடியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் மூன்று வருஷம் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஆட்டக்காரர், மேளக்காரர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியாமல் இருந்தால், படித்த பிள்ளைகளை விட்டு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

15. கொடை ராத்திரி தெருவே காலியாக இருக்கும். கேஸை அடைத்து, வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போங்கள். நகை போட்டுக்கொண்டு கூட்டத்தில் உட்காரவேண்டாம்.

16. பிளாஸ்கில் இரண்டு டம்ளர் சுக்குக் காபியை மீதம் வையுங்கள். விடிந்து மங்களம் பாடி முடித்ததும், முகத்தில் பாதி அரிதாரத்தோடு நடிகர்கள் முதல் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நிற்பார்கள். ஆர்மோனியப் பெட்டி கீழே இருக்கும், டீக்கடை இன்னும் திறந்திருக்காது. மேடையில் கொடுக்கிற அன்பளிப்புக்கு மைக்கில் பேர் வாசிப்பார்கள். இந்தக் காபிக்கு வாசிக்கமாட்டார்கள், ஆனாலும் ஊற்றிக் கொடுங்கள். அடுத்த நாடகம் எந்த ஊரில் என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.