கூப்பிட்ட குரலுக்கு வரும் நாய்

நாய் நன்றியுள்ள பிராணி என்று முதல் வகுப்பிலிருந்தே படித்து வந்திருக்கிறோம். அதனாலேயே, நாம் சோறு போட்டு வளர்த்த நாய் கூப்பிட்டும் வராமல் அணிலின் பின்னால் ஓடும்போது நமக்குக் கோபம் வருகிறது. "இத்தனை நாள் தின்ற நன்றி எங்கே போயிற்று?" என்று கேட்கிறோம். நன்றிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அழைத்ததும் வருவது ஒரு பழக்கம். அது கற்பிக்கப்பட வேண்டியது. வயது வந்த நாய்க்கும், கவனம் ஓரிடத்தில் நில்லாத நாய்க்கும்கூட அதைக் கற்பிக்க முடியும். எப்படி என்பதையும், அம்முறைக்கு விஞ்ஞானத்தில் உள்ள அடிப்படை யாது என்பதையும் இங்கே எழுத முற்படுகிறேன்.

இது வேடிக்கை வித்தை அன்று. கை கொடுக்கவும் உருண்டு புரளவும் தெரியாத நாய்க்கு ஒரு குறையும் இல்லை. கூப்பிட்டால் திரும்பத் தெரியாத நாயோ, ஒரு நாள் பேருந்தின் சக்கரத்தில் அகப்படும். அல்லது அந்த அச்சத்தினாலேயே ஆயுள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும். விடுதிகளைச் சுற்றி வாழும் நாய்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெறிநோய்த் தடுப்பூசி போட ஆட்கள் வரும்போது, கூப்பிட்டால் வரும் நாய்க்கு வலை தேவையில்லை. வராத நாயைத் துரத்திப் பிடிக்க வேண்டும். அகப்படாவிட்டால் ஊசி போடாமலே விட்டுவிடுவார்கள். அந்த நாய்க்கும் ஆபத்து, அதைக் கொஞ்சும் நமக்கும் ஆபத்து.

முதலில் நாயின் தரப்பை நோக்குவோம். மனிதன் கேட்கக்கூடிய ஒலி நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடுகிறது; நாய் சுமார் 45,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஆகவே, மிகவும் முதிர்ந்து செவி மங்கிய நாயைத் தவிர மற்றவற்றுக்கு நம் குரல் எட்டவில்லை என்று சொல்வதற்கில்லை. நன்றாகவே எட்டுகிறது. ஆனால் அதே கணத்தில் புல்லில் ஒரு வாசனை. சுவரோரம் ஓர் அணில். மெஸ்ஸின் பின்வாசலில் எலும்புக் குவியல். மூக்கே உலகமாக வாழும் பிராணி அது. "கவனமில்லாத நாய்" என்று நாம் குறை கூறும் நாய் மிகுந்த கவனத்தோடுதான் இருக்கிறது. அக்கவனம் நம்மீது இல்லை, அவ்வளவுதான். அணில் ஒவ்வொரு முறையும் அதற்கு இன்பம் தருகிறது. நாம் என்ன தருகிறோம் என்பதே கேள்வி.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியை இங்கே சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்களை ஆராய்ந்து 1965-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டனர். குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் சுமார் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலம், மனிதரோடும் மற்ற நாய்களோடும் பழகும் இயல்பு உருவாவதற்கு இன்றியமையாதது என்பதை அவர்கள் காட்டினர். அது உண்மையே. ஆனால் அது பழகும் இயல்பைப் பற்றியது. ஒரு செயலின் விளைவைக் கண்டு அச்செயலைக் கூட்டிக்கொள்வதும் குறைத்துக்கொள்வதும் நாய்க்கு ஆயுள் முழுவதும் நடக்கும். வயது வந்த நாயிடம் உள்ள தொல்லை வேறு: அது ஏற்கெனவே கற்றுவிட்டது. "வா" என்ற சொல்லுக்குப் பொருள் ஒன்றுமில்லை என்பதையே அது கற்றிருக்கிறது.

ருஷிய விஞ்ஞானி பாவ்லவ் 1904-இல் நோபல் பரிசு பெற்றது ஜீரண உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. அந்த ஆராய்ச்சியின் ஊடேதான், உணவுக்கு முன் ஓர் ஒலியை எழுப்பிவந்தால், நாளடைவில் அந்த ஒலி கேட்ட மாத்திரத்திலேயே நாயின் வாயில் உமிழ்நீர் சுரப்பதை அவர் ஆராயத் தொடங்கினார். இது எல்லோரும் படித்ததுதான். ஆனால் அதில் இரண்டு செய்திகளை நாம் மறந்துவிடுகிறோம். ஒன்று, ஒலி முன்னும் உணவு பின்னும் வரவேண்டும். உணவைக் காட்டிவிட்டு ஒலி எழுப்பினால் பயன் மிகக் குறைவு. பிஸ்கோத்துப் பொட்டலத்தைச் சலசலக்க வைத்துவிட்டுப் பிறகு பெயர் சொல்லி அழைப்பவர், பொட்டலத்தின் சத்தத்தைத்தான் கற்பிக்கிறார். இரண்டு, உணவின்றி ஒலியை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினால், கற்ற துலங்கல் தேய்ந்து மறையும். மாடியில் நின்றுகொண்டு இருபது முறை "வா, வா" என்று கத்துகிறவர், ஒவ்வொரு முறையும் அச்சொல்லின் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறார்.

ஆதலால் வயது வந்த நாய்க்குப் பழைய சொல்லைச் செப்பனிட முயல வேண்டாம். புதுச்சொல் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே எளிது. அது நாள்தோறும் வேறு காரியத்துக்குப் பயன்படாத சொல்லாக இருக்க வேண்டும். நம் வளாகத்தில் "ஆவோ", "ஆ ஜா" என்ற சொற்கள் காலை முதல் இரவு வரை நாயின் காதில் விழுகின்றன. அவற்றில் நூற்றில் ஒன்றுகூட நாய்க்கானது அன்று. நாம் நமக்குள் பேசும் "வாடா, சாப்பிடப் போகலாம்" என்பதும் அப்படியே. ஆனால் நம் கிராமங்களில் நாயை அழைக்கும் "தோ... தோ..." என்ற ஒலி இங்கே வேறு எவர் வாயிலும் வருவதில்லை. தூய்மையான தூண்டல் வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்தது கிடைக்காது. (நம் சங்கத்தார் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. தமிழ் வழங்கும் ஊரில் ஓர் இந்திச் சொல் இதே பயனைத் தரும்.)

அந்த ஒலியின் அமைப்பிலும் ஒரு சிறப்பு உண்டு. பல மொழி பேசும் விலங்குப் பயிற்சியாளர்களின் குரல்களைப் பதிவு செய்து ஒப்பிட்டவர் பாட்ரீசியா மெக்கானல் என்ற அமெரிக்க அம்மையார். விலங்கை விரைவுபடுத்தக் குறுகிய ஒலிகளை அடுக்கிச் சொல்வதும், நிறுத்த நீண்ட ஒற்றை ஒலியை எழுப்புவதும் பெரும்பாலோரிடம் பொதுவாக இருந்தது. 1990-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், அடுக்கி வந்த குறுகிய ஒலிகள் நாய்க்குட்டிகளை அதிகமாக இயங்கச் செய்தன என்று காண்கிறோம். ஊரில் நம் பாட்டிமார் எந்த ஆய்வையும் படித்தவர்கள் அல்லர். ஆனால் உண்டு முடிந்தபின் மிச்சச் சோற்றோடு கொல்லைப்புறம் வந்து "தோ தோ தோ" என்பார்கள். அடுத்த கணம் சோறு விழும். சோறில்லாத வேளையில் அந்த ஒலியை எழுப்பமாட்டார்கள். பாவ்லவின் விதிகள் முழுவதும் அந்தக் கொல்லைப்புறத்தில் இருக்கின்றன.

இனி, வந்த நாய்க்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். தார்ண்டைக் என்ற அமெரிக்கர் 1898-இல் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை தாழைத் திறந்து வெளிவரும் நேரத்தை அளந்தார். வெளியே உணவு காத்திருந்தது. தற்செயலாகத் தாழைத் தட்டிய பூனை, முறைக்கு முறை விரைவாக வெளிவந்தது. இன்பமான விளைவைத் தரும் செயல் நிலைபெறுகிறது. நாயை நாம் எதற்கெல்லாம் அழைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். குளிப்பாட்ட, கட்டிப்போட, மருந்து புகட்ட, விளையாட்டை முடிக்க! போதாததற்கு, அரை மணி நேரம் கழித்து அது தானாக வந்ததும் முதுகில் ஓர் அடி. அடிப்பவர், "அரை மணி நேரம் வராததற்காக" என்று எண்ணி அடிக்கிறார். நாய் அறிவதோ, "இவனிடம் வந்தேன், அடி விழுந்தது" என்பது மட்டுமே. விளைவு, செயலுக்கு அடுத்த ஓரிரு நொடிக்குள் வந்தால்தான் இரண்டும் இணையும். அந்த நொடியில் நாய் செய்துகொண்டிருந்தது வருகைதான். எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாயை அடிக்கலாகாது. குளிப்பாட்ட வேண்டுமானால் அழைக்காமல் நாமே அதனிடம் நடந்துபோய்க் கூட்டி வரலாம்.

வெகுமதி, நாய் மதிக்கும் பொருளாக இருக்க வேண்டும். தினமும் கிடைக்கும் ரொட்டிக்காக அணிலை எந்த நாயும் விடாது. அவித்த கோழி இறைச்சி, அவித்த முட்டை, பன்னீர் ஆகியவற்றைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக்கி, அழைப்புக்கு மட்டுமே உரியதாக வைத்துக்கொள்ள வேண்டும். சாக்லேட்டும், வெங்காயமும், திராட்சையும் (கிஸ்மிஸ் உட்பட) நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். அன்பு மிகுதியால் இவற்றைத் தருபவர்கள் விடுதிகளில் பலர்.

பயிற்சியை விடுதித் தாழ்வாரத்தில் தொடங்குவது நலம். நாய் இரண்டடி தூரத்தில் சும்மா நிற்கும்போது அழைப்பொலி ஒரு முறை, உடனே துண்டு. இவ்வாறு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை. அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மிகாமல். சில நாட்களில் ஒலி கேட்டதும் தலை வெடுக்கென்று திரும்பும். அதன்பின் தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து அழைக்கலாம், அடுத்து முற்றம், அடுத்து ஆளில்லாத மைதானம். தூரத்தையும் கவனச் சிதறலையும் ஒரே நாளில் கூட்டக்கூடாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? அதே கட்டுப்பாடு இங்கும் வேண்டும். பத்து அழைப்பில் எட்டுக்கு உடனே வந்தால் அடுத்த படி. இல்லையெனில் முந்திய படி.

திறந்த வெளியில் பத்து மீட்டர் நீளமுள்ள பருத்திக் கயிறு வேண்டும். அதைக் கழுத்தில் அன்றி, மார்பைச் சுற்றிய பட்டையில் கட்ட வேண்டும். நைலான் கயிறு கையை அறுத்துவிடும். எந்தக் கயிற்றையும் விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கயிறு நாயை இழுத்து வருவதற்காக அன்று. அழைப்பை மீறி ஓடி, அதில் இன்பம் காணும் வாய்ப்பை அடைப்பதற்காகத்தான். வரவில்லையென்றால் மறுபடி கத்தாமல், குனிந்து அமருங்கள். அல்லது எதிர்த்திசையில் சில அடி ஓடுங்கள். ஓடுவதைப் பின்தொடர்வது நாயின் இயல்பு. நாம் அதைத் துரத்தினால், துரத்தப்படுவதே விளையாட்டாகிவிடும். அது வந்து சேர்ந்ததும், முதலில் கழுத்துப்பட்டையை மெல்லத் தொட்டு, பிறகு துண்டைத் தரவேண்டும். இல்லாவிடில் கைக்கு எட்டாத ஓரடி தூரத்தில் நின்று பண்டத்தை வாங்கிக்கொண்டு பறந்துவிடும் கள்ளத்தனத்தைக் கற்றுக்கொள்ளும்.

எளிதில் கவனம் சிதறும் நாய்க்கு மிகச் சிறந்த உபாயம் எனக்குத் தோன்றுவது பிரிமாக் என்பவர் கூறியது. அவர் 1959-இல், பந்தாட்டப் பொறியில் விளையாடுவதையும் மிட்டாய் உண்பதையும் குழந்தைகளின் முன் வைத்து ஆராய்ந்தார். விளையாட்டை அதிகம் விரும்பிய குழந்தைகளுக்கு விளையாட்டே மிட்டாய் தின்பதற்கான வெகுமதியாயிற்று. அதாவது, தானாக மிகுதியாகச் செய்யும் செயலை, குறைவாகச் செய்யும் செயலுக்குப் பரிசாக்கலாம். மோப்பம் பிடிக்கும் நாயை அழையுங்கள்; வந்ததும் ஒரு துண்டு கொடுத்து, "போ" என்று அதே புதருக்கே திருப்பி அனுப்புங்கள். பத்தில் ஒன்பது முறை இவ்வாறு செய்தால், வருவதால் இன்பம் முடிந்துபோவதில்லை என்பது அதற்கு விளங்கும். எதிரியாக இருந்த புதர் நமக்குக் கூலியாளாகிவிடுகிறது!

எப்போதும் பண்டம் தரவேண்டுமா? எலிகளுக்கான உணவு உருண்டைகளைத் தாமே செய்துவந்த ஸ்கின்னர், ஒரு சனிக்கிழமை பிற்பகல் உருண்டைகள் போதாமல் நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் தருவதில்லை என்று வைத்துக்கொண்டாராம். 1956-இல் அவரே இதை எழுதியிருக்கிறார். இடைவிட்டுக் கிடைக்கும் வெகுமதியால் நிலைபெற்ற பழக்கம் எளிதில் அழியாது என்பது பின்னர் தெளிவாயிற்று. இதைக் கொண்டு, சில வாரங்களிலேயே பண்டத்தை நிறுத்தச் சொல்வோர் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. உயிரைக் காக்கும் பழக்கத்தில் சிக்கனம் எதற்கு? அளவை மாற்றலாம், சில நேரம் ஒரு துண்டு, சில நேரம் ஐந்து, சில நேரம் "போ" என்ற விடுதலை. வெறுங்கையாக மட்டும் அனுப்ப வேண்டாம்.

விடுதி நாய்க்கு எசமானர் பலர். ஒருவர் "தோ தோ" என்று அழைத்து முட்டை தர, மற்றொருவர் அதே ஒலியால் அழைத்துவிட்டுச் சிரித்தால், பயிற்சி பாழ். தாழ்வாரத்தில் உள்ள எல்லோரும் ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். நாயைப் பழக்குவதைவிட இது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழக்கமில்லாத நாயிடம் இவற்றை முயல வேண்டாம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஸ்கின்னரிடம் பயின்ற பிரிலண்ட் தம்பதிகள் 1961-இல் எழுதிய கட்டுரையில், நாணயங்களைப் பெட்டியில் போடப் பழக்கப்பட்ட ஒரு ரக்கூன், போடாமல் அவற்றை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்ததைக் கூறுகிறார்கள். பிறவி இயல்பு பயிற்சியை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துவிடும். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. கண்ணெதிரே ஒன்று பாய்ந்தால் காது அடைத்துவிடும். அத்தகைய நாயை வாகனம் ஓடும் சாலையருகே கயிறில்லாமல் விடுவது எவ்வளவு பயிற்சிக்குப் பின்னும் தகாது. மற்ற நாய்களுக்கும் கயிற்றை ஒரே நாளில் அவிழ்க்க வேண்டாம். அதன் நுனியைக் கையிலிருந்து விட்டு, தரையில் இழுபட விடுங்கள். சில வாரம் கழித்து ஐந்து மீட்டராக வெட்டுங்கள். பிறகு ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டரும் இல்லாமல், சுவர் சூழ்ந்த மைதானத்தில், அணில் ஓடும் வேளையில் அழைத்துப் பார்க்கலாம்.