கல்ட் படங்களை டிஸ்க்கில் வாங்குபவரா? செலவைக் குறைக்க 16 குறிப்புகள்

ஓடிடி தளங்கள் எத்தனை வந்தாலும் சில படங்கள் அவற்றில் அகப்படுவதில்லை. பாகிஸ்தானின் 'ஜிந்தா லாஷ்' (1967), ராம்சே சகோதரர்களின் இந்திப் பேய்ப் படங்கள், இத்தாலியத் திகில் படங்கள், ஹாங்காங் சண்டைப் படங்கள் என்று ஒரு சிறு கூட்டம் மட்டுமே கொண்டாடும் 'கல்ட்' படங்கள் ஏராளம். இவற்றை நல்ல பிரதியில் பார்க்க, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள சிறு நிறுவனங்கள் வெளியிடும் டிவிடியும் புளூ-ரேயும்தான் பெரும்பாலும் வழி. படம் ஒன்றுக்கு 25 முதல் 50 டாலர் வரை ஆகும். தபால் செலவும் வரியும் தனி. இதற்காக ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை, அவசரத்தை விட்டாலே போதும்.

1. பார்த்துவிட்டு வாங்குங்கள். பேரைக் கேட்டு வாங்கி, ஒரே தடவை பார்த்துவிட்டு அலமாரியில் செருகிய டிஸ்க்தான் இருப்பதிலேயே விலை உயர்ந்தது. அமெரிக்காவில் இருப்பவர்கள், தங்கள் ஊர்ப் பொது நூலகம் 'கனோபி' தளத்தில் சேர்ந்திருந்தால், நூலக அட்டையைக் கொண்டே பல அரிய படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். சியாட்டில் நகரின் 'ஸ்கேர்குரோ வீடியோ'விடம் 1,40,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அமெரிக்காவுக்குள் தபாலிலும் வாடகைக்கு அனுப்புகிறார்கள். நியூயார்க்கின் 'கிம்ஸ் வீடியோ' கடை மூடப்பட்டபோது அதன் 55,000 படங்கள் சிசிலித் தீவின் சலேமி ஊருக்குக் கப்பலேறின. அங்கிருந்து மீட்கப்பட்டவை 2022-இல் மன்ஹாட்டனில் ஒரு திரையரங்க வளாகத்தில் மறுபடி வாடகைக்கு வந்தன.

2. காப்புரிமை இல்லாத படமா என்று பாருங்கள். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது, காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி உரிமையும் போயிற்று. அதனால் யார் வேண்டுமானாலும் அதை டிவிடியாகப் போட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை தேய்ந்துபோன பிரதியிலிருந்து எடுத்தவை. இப்படிப்பட்ட படத்தை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிடித்துப்போனால் நேராக மீட்டெடுத்த பதிப்பை வாங்குங்கள். இந்தப் படத்துக்கு 2018-இல் 'கிரைட்டீரியன்' நிறுவனம் வெளியிட்டது இருக்கிறது. இடையில் உள்ள மலிவு டிவிடிகளுக்குக் கொடுக்கும் காசு வீண்.

3. நியாய விலை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிறு நிறுவனங்கள் ஒரு படத்தைச் சில ஆயிரம் பிரதிகளே அச்சிடுகின்றன. நெகட்டிவை ஸ்கேன் செய்வது, கீறல் நீக்குவது, சப்டைட்டில், உரிமத் தொகை என எல்லாச் செலவும் அந்தச் சில ஆயிரத்தின் தலையில்தான் விழும். சார்லஸ் பர்னெட் பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தில் வரும் பாடல்களுக்கு உரிமை வாங்க மட்டும் 1,50,000 டாலர் ஆனது. அதனாலேயே எழுபதுகளில் எடுத்த படம் 2007-இல்தான் முறையாக வெளியானது. கிரைட்டீரியனின் பட்டியல் விலை புளூ-ரேக்கு 39.95 டாலர், 4கே பதிப்புக்கு 49.95 டாலர். இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் படத்துக்கு இதைவிட அதிகம் கேட்டால், அது தயாரிப்புச் செலவா, மறுவிற்பனைக்காரரின் லாபமா என்று யோசியுங்கள்.

4. 'அச்சில் இல்லை' என்றதும் பதறாதீர்கள். பசோலினியின் 'சலோ' படத்தை கிரைட்டீரியன் 1998-இல் டிவிடியாக வெளியிட்டு, உரிமைச் சிக்கலில் சீக்கிரமே நிறுத்தியது. பழைய பிரதிகள் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறின. 2008-இல் அதே நிறுவனம் புதுப் பதிப்பைச் சாதாரண விலைக்கே கொண்டுவந்ததும் அந்த விலை சரிந்தது. 'ஃப்ரைட் நைட்' (1985) கதையும் இதேதான். 'ட்வைலைட் டைம்' நிறுவனம் 2011-இல் 3,000 பிரதி மட்டும் போட்ட புளூ-ரே உடனே தீர்ந்து, மறுவிற்பனையில் விலை பல மடங்கு ஏறியது. 2022-இல் சோனி 4கே பதிப்பையே வெளியிட்டுவிட்டது. ரசிகர் உள்ள படம் பெரும்பாலும் திரும்பி வரும்.

5. எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும். பெரிய ஸ்டுடியோவின் படத்தைச் சிறு நிறுவனம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமம் எடுத்து வெளியிடும். காலம் முடிந்ததும் அந்தப் பதிப்பு நின்றுவிடும். 'தி தர்ட் மேன்' படத்தின் கிரைட்டீரியன் புளூ-ரே அப்படித்தான் நின்றது. படம் வேறு நிறுவனத்திடம் மீண்டும் வரலாம். ஆனால் பழைய பதிப்பின் விளக்க உரையும் பேட்டிகளும் கூடவே வரும் என்று சொல்ல முடியாது. நிறுவனமே 'உரிமம் முடியப்போகிறது' என்று அறிவித்தால், சாதாரண விலையில் கிடைக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

6. தள்ளுபடி மாதங்களைக் காலண்டரில் குறியுங்கள். அமெரிக்காவின் 'பார்ன்ஸ் அண்ட் நோபிள்' புத்தகக் கடைகள் வழக்கமாக ஜூலையிலும் நவம்பரிலும் கிரைட்டீரியன் டிஸ்க்குகளைப் பாதி விலைக்குத் தருகின்றன. கிரைட்டீரியனும் தன் இணையக் கடையில் அவ்வப்போது 24 மணி நேரப் பாதி விலை விற்பனை நடத்துகிறது. 'வினிகர் சிண்ட்ரோம்' நிறுவனத்துக்கு மே மாதமும், நவம்பர் இறுதியில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த வெள்ளியும் முக்கியம். என்ன வாங்குவது என்ற பட்டியலை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், மலிவாகக் கிடைக்கிறதே என்று வேண்டாததையும் அள்ளிக்கொண்டு வருவீர்கள்.

7. படத்துக்குக் காசு கொடுங்கள், அட்டைக்கு வேண்டாம். முதலில் வருவது கெட்டி அட்டை உறை, சிறு புத்தகம், போஸ்டர் எல்லாம் சேர்ந்த 'லிமிடெட் எடிஷன்'. 'ஆரோ' போன்ற நிறுவனங்கள் பல படங்களுக்குச் சில மாதம் கழித்துச் சாதாரணப் பதிப்பும் போடும். பெரும்பாலும் டிஸ்க் அதேதான், விலை மட்டும் குறைவு. புத்தகத்தில் உள்ள கட்டுரைகளைப் படிக்கிற ஆளாக இருந்தால் முதல் பதிப்பு. இல்லையென்றால் இரண்டாவது போதும்.

8. ரீஜன் எண்ணைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓட வேண்டும் என்பதை அதிலேயே பூட்டி வைத்திருப்பார்கள். டிவிடியில் அமெரிக்கா 1, பிரிட்டன் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஆஸ்திரேலியா 4, இந்தியாவும் இலங்கையும் 5. புளூ-ரேயில் அமெரிக்காவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் 'ஏ'. பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 'பி'. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 'சி'. ஆகவே கோலாலம்பூர்க்காரர் அமெரிக்கப் புளூ-ரேயை அப்படியே போட்டுப் பார்க்கலாம். சென்னைக்காரருக்கும் கொழும்புக்காரருக்கும் அது நிச்சயமில்லை. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் புளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம். பேட்டிகளும் ஆவணப்படங்களும் பல சமயம் அதில்தான் இருக்கும்.

9. பிளேயர் செலவையும் கணக்கில் சேருங்கள். எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றியமைத்த புளூ-ரே பிளேயர் சாதாரணத்தைவிட விலை கூடும். வருடத்துக்கு ஒன்றிரண்டு டிஸ்க் மட்டும் வாங்குபவர், ரீஜன் பூட்டு இல்லாத பதிப்புகளாகத் தேடி வாங்குவதே லாபம். அமெரிக்காவிலிருந்து பிளேயர் தருவித்தால் 110 வோல்ட் மட்டுமா, 240 வரை தாங்குமா என்று பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம். கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

10. ஓடும் நேரத்தை ஒப்பிடுங்கள். ஐரோப்பிய டிவிடி பெரும்பாலும் 'பால்' முறையில் இருக்கும். வினாடிக்கு 24 பிரேம் ஓடவேண்டிய படம் அதில் 25 ஓடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். இது வெட்டு அல்ல. அதற்கும் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மிருகவதைக் காட்சிகளை 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெட்டிய பிறகே பிரிட்டனில் சில படங்கள் வெளியாகின்றன. அதே படம் அமெரிக்கப் பதிப்பில் முழுதாக இருக்கலாம். வெட்டிய பதிப்பை வாங்கிவிட்டு, முழுசுக்காக இன்னொரு முறை செலவழிப்பது தண்டம்.

11. பிரிட்டிஷ் கடைகளில் வாட் வரியைக் கழிக்கச் சொல்லுங்கள். அங்கு போட்டிருக்கும் விலையில் 20 சதவீத வரி அடங்கியிருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பல கடைகள் அதை நீக்கிவிடும். 18 பவுண்டு டிஸ்க் 15 பவுண்டாகும். முகவரியைக் கொடுத்த பிறகும் பில் தொகை குறையவில்லை என்றால், கடைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

12. தபாலைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு டிஸ்க்குக்கு ஆகும் வெளிநாட்டுத் தபால் செலவு சில சமயம் டிஸ்க்கின் விலையையே எட்டிவிடும். நண்பர்கள் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். அமெரிக்காவில் அண்ணனோ மச்சானோ இருந்தால் அவர் வீட்டுக்கு வரவழைத்து, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். அந்நாட்டுக்குள் டிவிடி, புத்தகம் அனுப்ப 'மீடியா மெயில்' என்ற மலிவான தபால் வகை உண்டு. பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி, டிஸ்க்கையும் உள்தாளையும் மட்டும் உறையில் வைத்தால் பெட்டியில் பாதி இடம் மிஞ்சும்.

13. கார்டும் சுங்கமும் கடிக்கும் இடத்தைக் கவனியுங்கள். இந்திய வங்கிக் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் உண்டு. அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. 'ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?' என்று கடைத் தளம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அவர்கள் நாணயத்திலேயே கட்டுங்கள். ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தில் அவர்கள் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். சுங்க வரியோடு கூரியர் நிறுவனம் கையாளும் கட்டணமும் வாங்கும் என்பதால், ஆர்டர் போடும் முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

14. ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். 200 டாலர் என்று யாரும் போட்டு வைக்கலாம். அந்த விலைக்கு ஆள் வாங்கினாரா என்பதுதான் கேள்வி. 'விற்றவை' என்ற வடிகட்டியைத் தட்டினால் சமீபத்தில் உண்மையாகவே கைமாறிய தொகைகள் வரும். அவற்றில் நடுவில் நிற்பதே சந்தை விலை. அமேசானில் ஒரு பொருளின் பழைய விலைகளை 'கேமல்கேமல்கேமல்' தளம் வரைபடமாகவே காட்டும்.

15. போலியையும் கெட்டுப்போனதையும் விலக்குங்கள். அச்சிட்ட டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். ஊதா ஓடினால் அது வீட்டில் பதிவு செய்தது. ஆனால் 'வார்னர் ஆர்க்கைவ்' 2009-இல் ஆரம்பித்தபோது பதிவு டிஸ்க்குகளையே முறையாக விற்றது. எனவே நிறத்தோடு நிறுவனப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். எங்குமே வெளியாகாத படம் 'எல்லா ரீஜனும்' என்ற அடைமொழியோடு மலிவாக வந்தால் அது கள்ளப் பிரதிதான். பழைய டிவிடி வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை: 2006 முதல் 2008 வரை தயாரான வார்னர் டிவிடிகளில் சில தாமாகவே கெட்டுப்போவதை அந்நிறுவனம் 2025-இல் ஒப்புக்கொண்டு, முடிந்தவரை மாற்றித் தருவதாகவும் சொன்னது. இந்த வகை டிஸ்க் கைக்கு வந்ததும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல்தான் பல சமயம் திக்கும். அதற்குள் திருப்பித் தரும் கெடு முடிந்துவிடக் கூடாது.

16. பெட்டித் தொகுப்பை வகுத்துப் பாருங்கள், வாங்கியதை எழுதி வையுங்கள். இயக்குநர் ஸ்கோர்செஸியின் 'வேர்ல்ட் சினிமா புராஜெக்ட்' முதல் தொகுப்பில் ரித்விக் கட்டக்கின் 'திதாஸ் ஏக்டி நதீர் நாம்' (1973) உட்பட ஆறு படங்கள். ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்', 'பந்த் தர்வாஜா' முதலிய ஆறும் 'மாண்டோ மக்காப்ரோ' நிறுவனத்தின் ஒரே பெட்டியில் வந்தன. மொத்த விலையை ஆறால் வகுக்காதீர்கள். அதில் நீங்கள் உண்மையில் பார்க்க விரும்பும் படங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். அந்தத் தொகை தனி டிஸ்க்கைவிடக் குறைவாக இருந்தால் வாங்கலாம். பிறகு படம், நிறுவனம், ரீஜன், கொடுத்த விலை ஆகிய நான்கையும் செல்போனில் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்புகளில் ஒளிந்திருக்கும் படத்தைத் தெரியாமல் மறுபடி வாங்குவது இதனால் நிற்கும். மேலும், கையில் உள்ள அரிய பதிப்புக்கு மறுவெளியீடு அறிவிக்கப்பட்டால் விலை விழும் முன் விற்று, அந்தக் காசிலேயே புதியதை வாங்கவும் இந்தப் பட்டியல் கைகொடுக்கும்.