கரிசலில் மழை விழுந்தபின்: பெயரைக் கடைசியில் வையுங்கள்

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்துவிட்டால் குருவிகுளம் வட்டாரத்தில் தரையின் நிறமே மாறிவிடும். கோடை முழுக்க வெடித்துக் கிடந்த கரிசல் மூடிக்கொள்ளும். கண்மாய்க் கரை, ஓடைப் புறம்போக்கு, செவக்காட்டு மேடு என்று எங்கும் சில நாட்களில் பச்சை ஏறும். இந்தப் பச்சைக்கு ஆயுள் குறைவு. பாதிக்கு மேல் ஒருபருவச் செடிகள். முளைத்துப் பூத்துக் காய்த்து, தை வெயிலில் கருகிவிடும். பூவும் காயும் ஒன்றாகக் கிடைக்கும் சில வாரங்கள்தான் செடியை இனங்காணத் தோதான காலம். அது இப்போதுதான், ஆகவே நடக்கப் போங்கள். மழை விட்ட மறுநாளே கரிசலில் கால் வைக்க வேண்டாம், காலில் அப்பும் மண் நடக்க விடாது. இரண்டு நாள் வெயில் காயட்டும். போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. பார்த்ததும் பெயர் சொல்லிவிடாதீர்கள். பார்த்ததை முதலில் எழுதுங்கள், பெயர் கடைசியில் வரட்டும். சில இடங்களில் பெயர் வராமலே போனாலும் குறையில்லை.

“இங்கே காடு ஏது, பார்க்க வேண்டுமானால் மலைக்குத்தானே போக வேண்டும்?” என்று கேட்பார்கள். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது (2021இல் அறிவிக்கப்பட்டது). தெற்கே களக்காடு – முண்டந்துறை, கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம், வெளிமான்களுக்கான வல்லநாடு எல்லாம் ஒரு நாள் பயணத் தொலைவுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மலை ஓடைகள் சொல்லாமல் பெருகும். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்பகத்துக்குள் நுழைவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இன்னொரு காரணமும் உண்டு. கரிசலின் முள்காடும் புல்வெளியும் அரசுப் பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்டிருப்பதால்தான் வெறும் நிலமாகத் தெரிகின்றன. அங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியல் இல்லாதவரை அது தரிசாகவேதான் இருக்கும். அந்தப் பட்டியல் பிழையாக இருந்தால், இல்லாததைவிடக் கேடு.

பிழை என்ன செய்யும் என்பதற்கு முள்மரங்களே போதும். ‘வேலிமுள்’ என்று ஒரே வாயில் சொல்லிவிடும் கூட்டத்தில் குறைந்தது நான்கு மரங்கள் இருக்கின்றன. சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிராகத் தொங்கும். நெற்று மஞ்சளாய்த் தட்டையாய் இருக்கும். நாட்டுக் கருவேலத்தில் பூ மஞ்சள் உருண்டை. நெற்று மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். உடைமரம் குடை விரித்த தலையும் வெள்ளை முள்ளும் கொண்டது. அதன் நெற்று சுருண்டிருக்கும். வெல்வேலுக்குப் பட்டையே வெளிறியிருக்கும். இவற்றில் முதலாவது மட்டுமே 19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து வந்து பரவியது. மற்ற மூன்றும் இந்த மண்ணுக்கு உரியவை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவும் தாவரங்களுக்கென்று கொள்கையும் வெளியிட்டது. மழைக்குப் பின் ஈரமண்ணில் வேரோடு பிடுங்குவது எளிது என்பதால் கல்லூரி மாணவர்களும் ஊர்க்குழுக்களும் இப்போது இறங்குவார்கள். இயந்திரத்துக்கு முள்ளெல்லாம் ஒன்றுதான். நெற்றைப் பார்க்காமல் எந்த மரத்திலும் வெட்டுக்குறி போடாதீர்கள்.

கைப்பேசிச் செயலி நொடியில் சொல்லிவிடுகிறதே, நெற்றையும் பட்டையையும் எதற்குப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. நியாயமான கேள்விதான். கூகுள் லென்ஸும் ஐநேச்சுரலிஸ்டும் இல்லாதிருந்தால் பலர் செடியைக் குனிந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் செயலி பார்ப்பது நீங்கள் எடுத்த படத்தை மட்டுமே. வேர், வாசனை, இலையின் அடிப்பக்கம், முளைத்த மண் ஆகியவை படத்தில் வராது. சாரணைக் கீரையையும் மூக்கிரட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இப்போது பாதையோரம் தரையோடு படர்ந்து கிடக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இரட்டைப் பிள்ளைகள். உட்கார்ந்து பார்த்தால் குழப்பம் தீரும். சாரணையின் தண்டு சதைப்பற்றானது. அதன் பூ காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கும். மூக்கிரட்டையின் சிறு இளஞ்சிவப்புப் பூக்கள் மெலிந்து நீண்ட காம்புகளில் கொத்தாக எழுந்து நிற்கும். வேர் தடித்து ஆழமாக இறங்கும். செயலியை விட்டுவிடச் சொல்லவில்லை. பூ, காய், இலையின் முன்பக்கம், பின்பக்கம், முழுச்செடி என்று தனித்தனியாகப் படம் எடுத்து, அது சொல்வதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் தெரியாத செடியா என்று இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பவர்கள் உண்டு. எந்தச் செடியை ஆடு கடிக்கும், எதை மோந்துவிட்டு விலகும், எது எந்த மழைக்கு முளைக்கும் என்பதில் அவர்களுக்கு இணையாக எந்தப் புத்தகமும் இல்லை. முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான். ஆயினும் ஊர்ப்பெயர் பல சமயம் ஓர் இனத்தை அல்ல, ஒரு கூட்டத்தையே குறிக்கிறது. கீழாநெல்லி நல்ல உதாரணம். இலைவரிசைக்கு அடியில் காய் தொங்கினால் கீழாநெல்லி என்பது பொது வழக்கு. அப்படிக் காய்க்கும் இனங்களோ பல. தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லியைச் சோதித்து 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடைகளின் சரக்கில் அதே பேரினத்தின் வேறு இனங்கள் இருந்தன. அன்றாடம் அதையே விற்பவர்கள் கையிலேயே இந்த நிலை என்றால், ஒரு காலைநேர நடையில் பறித்ததைக் கசாயம் போட்டுக் குடிப்பது துணிச்சலில் சேராது. ஊர்ப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள், சொன்னவர் எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். செடியைப் பறிக்க வேண்டாம்.

சில செடிகளில் பிழைக்கு இடமே கொடுக்கக் கூடாது. மாநில மலரான செங்காந்தள் இப்போது வேலிகளில் ஏறிப் பூத்திருக்கும். இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாவது அதன் உறுதியான அடையாளம். மழைக்காலம் முடிந்து கொடி காய்ந்தபின் அந்த அடையாளம் போய்விடும், கிழங்கு மட்டும் மண்ணில் இருக்கும். அதில் கொல்கிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. உண்ணும் கிழங்கென்று எண்ணித் தின்று இறந்தவர்கள் இலங்கை மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். கொடி எங்கே நிற்கிறது என்று இப்போதே குறித்துவைப்பது மாசியில் அங்கே தோண்டுகிறவருக்கு உதவும். குன்றிமணி, ஊமத்தை, காட்டாமணக்கு மூன்றையும் குழந்தைகளுக்குக் காட்டி, பெயரோடு நஞ்சையும் சொல்லிக்கொடுங்கள். காட்டாமணக்கு விதையைக் கடலைபோல் தின்று வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளின் கதை ஆண்டுதோறும் எங்கேனும் நடக்கிறது.

பாம்பு விஷயத்தில் என் வாதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அங்கே பெயரே வேண்டாம். கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகள் கழுத்தருகே மங்கி வால்பக்கம் தெளியும், நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பில் அது தலைகீழ் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைச் சரிபார்க்கும் அளவுக்கு நெருங்குவதுதான் ஆபத்து. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது; மழைக்காலத்தில்தான் அந்தச் சாவுகள் அதிகம். எந்தப் பாம்பென்று தெரியாமல் வைத்தியம் எப்படி என்று கேட்கலாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் மருத்துவமனைகளில் ஒரே கூட்டு நச்சுமுறிவு மருந்துதான். மருத்துவர் பார்ப்பது நோயாளியின் அறிகுறிகளை. ஆகவே பாம்பைத் தேடாதீர்கள், அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். கடிபட்டவரை அசையவிடாமல் 108ஐ அழையுங்கள். கீறுவது, இறுகக் கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கணுக்கால் மூடிய செருப்பும் கையில் ஒரு கம்பும் போதுமான முன்னெச்சரிக்கை. மக்காச்சோளக் காட்டைக் குறுக்கே கடக்கவும் வேண்டாம். பன்றிக்குப் பயந்து சட்டத்துக்குப் புறம்பாகக் கட்டிய மின்வேலி இருட்டில் தெரியாது.

பறவைகளில் ஆபத்து இல்லை, ஆசைதான் இருக்கிறது. பட்டியல் நீள வேண்டும் என்ற ஆசை. குளிர்காலத்தில் மத்திய ஆசியப் பக்கமிருந்து தென் மாவட்டப் புல்வெளிகளுக்கு வரும் பூனைப்பருந்துகள் இதற்கு நல்ல சோதனை. தரையை ஒட்டி, இறக்கையைச் சற்றே மேல்நோக்கிப் பிடித்து மிதந்து போகும். ஆண் பறவையில் இறக்கையின் மேல் ஒரு கறுப்புக் கோடு இருந்தால் மான்டேகு. இறக்கை நுனியில் மட்டும் ஒடுங்கிய கறுப்பு இருந்தால் வெளிறிய பூனைப்பருந்து. பெண்ணும் இளம்பறவையுமோ பழுப்பு உடலும் வாலடியில் வெள்ளையுமாக, தேர்ந்தவர்களையே தடுமாற வைக்கும். அந்தப் பழுப்புப் பறவையைக் கண்டால் ‘பூனைப்பருந்து, இனம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். இ-பேர்டு தளத்தில் அப்படிப் பதிய இடம் உண்டு. ஆய்வாளருக்கு ஊகித்த இனப்பெயரைவிட அது பயன்படும். அவை இரவில் புல்லுக்குள் தரையிலேயே கூடி அடைவதால் பொழுது சாயும் முன் புல்வெளியை விட்டு வெளியேறிவிடுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரும். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணிக்கையோடு பதிய வேண்டும். அதற்கு இப்போதிருந்தே வாரம் ஒருமுறை ஒரே கண்மாய்க் கரையில் பழகிக்கொள்ளலாம். நோட்டில் தேதி, நேரம், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, பறவை என்ன செய்துகொண்டிருந்தது ஆகியவற்றை முதலில் எழுதி, பெயருக்கான கட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.