ஒட்ட வெட்டினால் கோரை ஒழியுமா?

கேள்வி: வீட்டு முன்புறம் அருகம்புல் தரை வைத்திருக்கிறோம். எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் கோரை குறையவில்லை. களைக்கொல்லி அடிக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒட்ட வெட்டுவதுதான் கோரைக்கு வழிவிடுகிறது. அருகு அடர்ந்து தரையை மூடினால் கோரை நிழலில் சோர்ந்துபோகும். மொட்டையடித்தாலோ மண்ணில் வெயில் விழுந்து கிழங்குகள் தாராளமாக முளைக்கும். புல் 1.5 அங்குலம் நிற்கட்டும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது, அதாவது 2.25 அங்குலம் வளர்ந்ததும் வெட்டிவிட வேண்டும். கத்தி கூர்மையாக இருப்பது அவசியம்.

சந்தேகம் இருந்தால் தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டையாக இருந்தால் கோரை. அது புல் இனமே அல்ல. பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கும். ஆகவே தண்ணீர் விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களைக்கொத்தால் ஆழமாகக் கிண்டிக் கிழங்கோடு எடுங்கள். மறுபடி தலைகாட்டினால் நாலைந்து இலை விடுவதற்குள் எடுத்துவிடுங்கள். விட்டால் புதுக் கிழங்கு கட்டிவிடும். இது ஒரே பருவத்தில் முடிகிற வேலையல்ல.

கிளைபோசேட் வேண்டவே வேண்டாம், அருகையும் சேர்த்துக் கொன்றுவிடும். 2,4-டி அகன்ற இலைக் களைகளுக்கானது. கோரைக் கிழங்கை ஒழிக்காது. காற்றில் பரவினால் பக்கத்திலுள்ள தக்காளிச் செடிகூடச் சுருண்டுவிடும்.

புதிதாகச் செம்மண்ணோ தொழுவுரமோ கொட்டுவதாக இருந்தால், கிழங்கு கலந்திருக்கிறதா என்று சலித்துப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள்.