மணல் அரிகரண்டி: செய்வதா, வாங்குவதா?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியது)



பூந்தி பொரிக்கும்போது எண்ணெயை வடியவிட்டுப் பூந்தியை மட்டும் தூக்கித் தரும் ஜல்லிக் கரண்டியை நாம் எல்லாரும் அறிவோம். அதை ஒரு சிறு வாளி அளவுக்குப் பெரிதாக்கி, மார்பு உயரத்திற்கு ஒரு பிடி வைத்துவிட்டால் அதுதான் மணல் அரிகரண்டி. கடற்கரையில் உலோகங்காட்டிக் கருவி கொண்டு தேடுகிறவர்கள், கருவி ஒலித்த இடத்தில் இதைக் காலால் அழுத்தி மணலோடு அள்ளி ஆட்டுவார்கள். மணல் கீழே ஒழுகும். பொருள் மேலே நிற்கும். மேலை நாடுகளில் இதற்கென்றே கடைகள் உண்டு. நம் ஊர் இரும்புக் கடையில் கேட்டால், "எந்த மெஸ்ஸுக்கு அம்மா இவ்வளவு பெரிய கரண்டி?" என்பார்கள்.

நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நம் திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டுக் கரையில், படகுகள் ஏறும் இடங்களில் துருப்பிடித்த ஆணிகள், தூண்டில் முட்கள், சோடா மூடிகள், அறுந்த கம்பிகள் எனப் பலவும் மணலுக்குள் மறைந்து கிடக்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள். துரு குத்தினால் இசிவு நோய் வரும் என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை. நோய் துருவினால் வருவதன்று. மண்ணிலும் சாணத்திலும் வாழும் டெட்டனஸ் கிருமி, ஆணி குத்திய ஆழமான காயத்தில் காற்றுப் படாமல் இருப்பதால் பெருகுகிறது. ஆதலால் புத்தம் புதிய ஆணியும் ஆபத்தானதே. அதே கரையில்தான் மீன் விற்கும் அம்மாக்களின் கம்மலும், மகிமை மாதா ஆலயத்திற்கு வந்து கடலில் கால் நனைக்கும் யாத்திரிகர்களின் மோதிரமும் தொலைகின்றன. ஆணியை அகற்றவும் கம்மலைத் திருப்பித் தரவும் ஒரே கருவி போதும்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் பெரியம்மா மகன் அண்ணன் ஓர் உலோகங்காட்டியைச் செய்தார். அதன் தத்துவம் நம் பாடப் புத்தகத்தில் உள்ளதே: 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல். கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். அருகில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும். அந்த மாற்றத்தைக் கருவி ஒலியாக்கித் தரும். ஆனால் ஒலி வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. கையால் தோண்டினால் உலர்ந்த மணல் சரிந்து குழி மூடிக்கொள்ளும், பொருளும் இன்னும் கீழே நழுவும். மேலும், தூண்டில் முள் கிடக்கும் மணலில் கையை விடச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. அரிகரண்டி இல்லாமல் உலோகங்காட்டி இருந்து பயனில்லை என்றே சொல்வேன்.

இனி, செய்வதா வாங்குவதா?

விற்பனைக்கு வரும் நல்ல கரண்டி பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. மூங்கில் குழாயைச் சாய்வாகச் சீவியதுபோல் அதன் வாய் இருக்கும். அடி உதடு முன்னால் நீண்டு மணலில் இறங்கும். பின்புறம் மிதிக்க ஒரு பட்டை உண்டு. இவற்றை இணையம் வழியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து, பள்ளிக் குழுவுக்குக் கட்டுப்படியாகாத விலையாகிவிடுகிறது. விலை குறைந்த பிளாஸ்டிக் கரண்டிகளும் உண்டு. அவை உலர்ந்த மணலுக்குச் சரி. ஈரமணலில் காலால் மிதித்தால் தாங்கா.

வீட்டில் செய்வதற்கு முதலில் எல்லாரும் நினைப்பது பழைய பெயிண்ட் டப்பாதான். ஆணியால் துளை போட்டால் துளையின் விளிம்பு உட்புறமாகப் பிசிறு பிசிறாக நிற்கும். மணல் அதில் தங்கும், கையும் கிழியும். ஒருமுறை மிதித்தால் டப்பா நசுங்கும். உப்புக் காற்றில் சில வாரங்களில் துருவாகிவிடும். டப்பாவை விட்டுவிடுங்கள்.

அடுத்தது 160 மி.மீ. பி.வி.சி. குழாய். இது நல்ல யோசனை. துருப்பிடிக்காது, இலேசானது, ஹாக்சா பிளேடால் அறுக்கலாம், அடிக்கு மூடியும் கடையில் கிடைக்கும். உலோகமன்று என்பது இன்னொரு பெரிய நன்மை. இந்த இடத்தில் ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1881 ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். அவர் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஓர் உலோகங்காட்டியைச் செய்து கொண்டுபோனார். குண்டு கிடைக்கவில்லை. மருத்துவர்கள் குண்டு இருப்பதாக நம்பிய பக்கத்தை மட்டுமே தேடவிட்டதும், மெத்தையிலிருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் காரணம் என்பர். அதே செப்டம்பர் 19இல் அவர் இறந்தார். மெத்தைச் சுருள் அங்கே செய்ததை எஃகுக் கரண்டி இங்கே செய்யும். கருவியை வீசும்போது கரண்டியை நாலடி தள்ளியே வைக்க வேண்டும். பி.வி.சி. கரண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

துளையின் அளவைத் தீர்மானிப்பதில்தான் மூளைக்கு வேலை. இப்போது புழங்கும் நாணயங்களில் ஒரு ரூபாய் சுமார் 22 மி.மீ. குறுக்களவு, பத்து ரூபாய் 27 மி.மீ. நாணயத்திற்கு மட்டும் என்றால் 15 மி.மீ. துளை போதும், மணல் சரசரவென்று இறங்கும். ஆனால் கம்மல் அதில் பக்கவாட்டாக நழுவிப் போகும். 5 மி.மீ. துளை என்றால் ஈரமணல் இறங்காமல் கொழுக்கட்டை மாவுபோல் அப்பிக்கொள்ளும். நான் 8 மி.மீ. துளையைத் தேர்ந்தேன். மூக்குத்தி அதிலும் தப்பும். மூக்குத்தி தொலைந்த இடம் தெரிந்தால் உலர்ந்த மணலை வீட்டுச் சல்லடையில் சலிப்பதே வழி.

எத்தனை துளை? 15 செ.மீ. குறுக்களவும் 25 செ.மீ. நீளமும் உள்ள உருளையின் வளைபரப்பு சுமார் 1,178 சதுர செ.மீ. துளை மையங்களுக்கு இடையே 12 மி.மீ. விட்டுச் சதுர வரிசையில் போட்டால் ஏறத்தாழ 818 துளைகள் வரும். பி.வி.சி.யில் அடிப்பாதியில் மட்டும் போட்டாலும் 400க்கு மேல். கைத்துளைப்பானால் ஒரு விடுமுறை நாளைத் தின்றுவிடும் வேலை இது. 2 மி.மீ. எஃகுத் தகட்டில் 800 துளை என்றால் வீட்டில் நடக்கிற காரியமா? வாங்கும் கரண்டியில் நாம் விலை கொடுப்பது எஃகுக்கு அன்று, துளைக்கே என்று அப்போதுதான் விளங்கியது.

ஆனால் நாம் இருப்பது கும்மிடிப்பூண்டியில். சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருக்கும் என் அப்பா, "துளை போட்ட தகடே கிடைக்குமே" என்றார். ஆலைகளில் சல்லடைக்கும் வடிகட்டிக்கும் பயன்படும் துளைத் தகட்டின் வெட்டுத் துண்டுகள் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் துளைகள் தேன்கூட்டைப் போல முக்கோண வரிசையில் இருக்கும். அதே 8 மி.மீ. துளை, அதே 12 மி.மீ. இடைவெளி, சதுர வரிசையில் தகட்டின் 35 விழுக்காடுதான் திறந்திருக்கும், முக்கோண வரிசையிலோ 40 விழுக்காடு. தேனீக்களுக்குக் கணித ஆசிரியை யாரோ!

துண்டைத் தேர்ந்தெடுக்கும்போது காந்தம் கொண்டுபோங்கள். நன்றாக ஒட்டினால் அது சாதாரண இரும்பாக இருக்கக்கூடும், கடலுக்கு உதவாது. ஒட்டாவிட்டால் மட்டும் போதும் என்றும் நம்பிவிடக் கூடாது. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 வகையும் ஒட்டாது. நிக்கல் குறைந்த மலிவான 202 வகையும் ஒட்டாது. மாலிப்டினம் சேர்ந்த 316 வகைதான் கடல் உப்பை நன்றாகத் தாங்கும். அது கிடைப்பது அரிது.

47 செ.மீ. நீளத் தகட்டை உருட்டினால் 15 செ.மீ. குறுக்களவு உருளை வரும். அளவெடுத்து, அட்டையில் மாதிரி வெட்டி, தகட்டில் கோடு போட்டது நான். வெட்டியதும் உருட்டியதும் பற்றவைத்ததும் அப்பா. பற்றவைப்பது விளையாட்டன்று. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சுடரைப் பார்த்தால் கண் கெடும். ஜி.ஐ. குழாயைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகை எழுந்து காய்ச்சல் தரும். துருப்பிடிக்காத எஃகுக்கு அதற்கான தனி ராடு வேண்டும். சாதாரண ராடில் ஒட்டினால் ஒட்டிய கோடு மட்டும் பழுப்பாகத் துருவேறும். பிடிக்கு மூங்கிலே போதும். நெம்புகோல் பாடத்தை நினைவுகூருங்கள்: நீண்ட பிடியைப் பின்னால் இழுக்கும்போது முழுச் சுமையும் பிடி சேரும் கழுத்தில் விழுகிறது. முறிந்தால் அங்கேதான் முறியும். ஆகவே கழுத்தில் இரண்டு சாய்வுத் தாங்கிகள் வைத்தோம்.

எடையையும் பாருங்கள். இந்த உருளை 4.4 லிட்டர் கொள்ளும். ஈரமணல் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. நிரம்ப அள்ளினால் 9 கிலோ. அதோடு கரண்டியின் எடை. நம்மைப் போன்றவர்கள் பாதி அளவே அள்ள வேண்டும், அள்ளியதைத் தூக்கி ஆட்டாமல் அலை வரும் நீரில் வைத்து ஆட்ட வேண்டும். தண்ணீரே மணலைக் கழுவிக்கொண்டு போகும்.

மண்ணிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது சிலருக்கு உயிர்ப் பிரச்சினை. இலங்கையின் வட பகுதியில் போரில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் பல, உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்டிக் உடல் கொண்டவை. உலோகங்காட்டிக்கு எளிதில் சிக்கா. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர்கள் கருவியோடு, நீண்ட பிடியுள்ள இரும்பு வாரிகளாலும் மண்ணைச் சிறிது சிறிதாக இழுத்து வெடிகளை வெளிக்கொணர்ந்தனர். அப்பணியில் குடும்பத்தைத் தனியே தாங்கும் தமிழ்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். நம் ஊர் முகாமில் நெடுங்காலமாக வாழும் ஈழத்துக் குடும்பங்களின் சொந்த ஊர்கள் அந்தப் பக்கத்தில்தான்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கெல்லாம் கரண்டியைக் கொண்டு போகவே கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம், சிலை போன்றவற்றுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் உண்டு. நேற்றுத் தொலைந்த கம்மல் புதையலன்று. அது இன்னொரு வீட்டின் அழுகை. ஊராரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைப்பதே முறை.

என் முடிவு இது. உலர்ந்த மணலில் ஆணி பொறுக்குவதற்கு மட்டும் என்றால் பி.வி.சி. குழாயில் நீங்களே செய்யுங்கள். அலையோரத்து ஈரமணலுக்கு எஃகே வேண்டும். அதில் அளவும் திட்டமும் உங்களுடையதாக இருக்கட்டும், பற்றவைப்பைப் பட்டறைக்கு விடுங்கள். வீட்டில் பற்றவைக்கத் தெரிந்தவர் இல்லை, பட்டறையும் அருகில் இல்லை என்றால், பணம் சேர்த்து வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எங்கள் கரண்டி முதல்நாள் இரண்டு மணி நேரத்தில் 41 ஆணிகள், 9 தூண்டில் முட்கள், 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமற்போன ஒரு 25 காசு ஆகியவற்றைத் தந்தது. கருவி பலமுறை வீணாகவும் ஒலித்தது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதும், மணலில் ஓடும் கரிய இரும்புத் தாது வரிகளும் அதற்குக் காரணம் என்று அண்ணன் சொன்னார். ஆணிகளை மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தோம். வேலை முடிந்ததும் கரண்டியை நல்ல தண்ணீரில் இருமுறை கழுவி, துணியால் துடைத்து, வாய் கீழாகத் தொங்கவிட வேண்டும். மூங்கில் பிடிக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் தடவினால் வெடிக்காது.