காசுமாலையை எழுதப்போகும் பிள்ளைக்கு

கண்ணு, உன் முதல் நாவல் ஒரு காசுமாலையைப் பற்றியது என்று எழுதியிருந்தாய். தாய் போன பிறகு அக்காவும் தங்கையும் அதற்காகப் பேச்சை நிறுத்துகிறார்கள். வருஷங்கள் கழித்துச் சேர்கிறார்கள். நல்ல கதை. நம் ஊரில் இந்தச் சண்டை நடக்காத தெரு இல்லை. அதனாலேயே எழுதக் கடினமானது, படிக்கிற ஒவ்வொருவரும் தன் வீட்டு வழக்கோடு வந்து உட்காருவார். இத்தனை காலம் எழுதியதில் எனக்குத் தெளிந்ததைச் சொல்கிறேன், வைத்துக்கொள்.

1. முதலில் நகையைத் தெரிந்துகொள். எத்தனை பவுன், யார் செய்தது, எத்தனை முறை அடகுக்குப் போய்த் திரும்பியது என்பதெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் பழைய நகையைக் கையில் வாங்கினால், எடை போடுவதற்கு முன் தேய்மானத்தைப் பார்ப்பார். கழுத்தில் கிடந்த நகையா, பெட்டியில் கிடந்த நகையா என்று அதிலேயே தெரியும் என்பார். 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று ஆனபோது பிழைப்பை இழந்த தலைமுறை அவருடையது. உன் மாலை அதற்கு முன் செய்ததா, பின் செய்ததா? இதை முடிவு செய்துவிட்டால், அதை அழித்துப் புதிது செய்ய அந்தத் தாய் ஏன் கடைசிவரை சம்மதிக்கவில்லை என்பதும் உனக்குப் புரியத் தொடங்கும்.

2. அது வீட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்கப் பயப்படாதே. வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ‘த மூன்ஸ்டோன்’ நாவலில் ஓர் ஆங்கிலக் குடும்பத்தை அலைக்கழிக்கும் வைரம், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபோது கொள்ளையடிக்கப்பட்டது. நம் வீடுகளிலும் மூழ்கிப்போன அடகு நகை பாட்டி நகையாகிவிட்டதுண்டு. மீட்க முடியாமல் போனவளின் பேரன் அதே ஊரில் இருப்பான். இரண்டு சகோதரிகளின் உரிமைக்கும் முன்னால் மூன்றாவது ஒருத்தியின் உரிமை இருந்திருந்தால், அவளை மறைக்காதே.

3. வழக்கத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் படி. தாயின் நகை பெண்ணுக்கு என்பது வழக்கம். உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்து கணவனுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது அமலாவதற்கு முன் மணமாகிப் போனவர்களுக்கு அதில் இடமில்லை. அக்காவுக்கு 1988இல் கல்யாணம், தங்கைக்கு 1990இல் என்று வைத்துப் பார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருத்திக்குப் பங்கு உண்டு, இன்னொருத்திக்கு இல்லை. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேற்றுமையை நீக்குவதற்குள் எத்தனையோ வீடுகளில் பத்திரம் பதிவாகி முடிந்திருந்தது. வீட்டில் பங்கில்லை என்று கேட்டுவிட்ட அக்கா, மாலையாவது எனக்கு என்று நிற்கும்போது அவளைப் பேராசைக்காரி என்று நீ எழுதிவிடக் கூடாது.

4. இருவர் பக்கமும் நியாயம் இருக்கட்டும். ஆகஸ்ட் வில்சனின் ‘த பியானோ லெசன்’ நாடகத்தைத் தேடிப் படி. 1936ஆம் ஆண்டின் பிட்ஸ்பர்க் நகரம். அடிமைகளாக வாழ்ந்த முன்னோரின் முகங்களைச் செதுக்கிய பியானோ ஒன்று வீட்டில் நிற்கிறது. அதை விற்று, அவர்கள் அடிமைகளாய் உழைத்த அதே நிலத்தை வாங்குவேன் என்கிறான் தம்பி. இதற்காக அப்பா உயிரையே விட்டார், விற்க விடமாட்டேன் என்கிறாள் அக்கா. யார் பேசினாலும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவோம். வில்லனைத் தேடிப் போகிறவனுக்குக் குடும்பக் கதை வாய்க்காது.

5. நகைக்கு அடியில் கிடக்கும் பழைய கணக்கைத் தேடு. யாரைப் படிக்க வைத்தார்கள், யாருடைய கல்யாணத்துக்கு நகை அடகுக்குப் போனது, படுக்கையில் கிடந்த தாய்க்கு யார் மலஜலம் எடுத்தது? பஞ்சாயத்து வைக்கிற பெரியவர்கள் பவுன் கணக்கில் நின்றுவிடுவார்கள். நீ அங்கே நிற்காதே. அம்மா என்னையும் நினைத்தாளா என்ற கேள்வியைத்தான் மகள்கள் பவுனில் கேட்கிறார்கள். பங்கு தராசில் தீரும், ஏக்கம் தீராது.

6. உன் சொந்தக் கோபத்தை நாவலில் தீர்த்துக்கொள்ளாதே. ஒரு பாத்திரத்தின் மேல் வெறுப்பு மிஞ்சியிருந்தால், அவளுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடு. அவள் காலையில் எழுவதிலிருந்து இரவு படுப்பதுவரை அவள் கூடவே இரு. என் ஆசிரியர் எனக்குச் சொன்ன வழி இது. அடுத்த வீட்டு ரகசியத்தை அடையாளம் தெரிய எழுதிப் பேர் வாங்காதே. நம்பிச் சொன்னவள் மறுபடி உன் வாசலை மிதிக்க வேண்டும்.

7. சமாதானத்துக்கு அவசரப்படாதே. நம் வீடுகளில் யாரும் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பதில்லை. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்பதால், பேசாத அண்ணனுக்கும் பத்திரிகை போகிறது. அவனும் சீர்த்தட்டோடு வந்து நிற்கிறான். சாவு வீட்டில் ஒருத்தி காபி டம்ளரை நீட்டுகிறாள், மற்றவள் வாங்கிக்கொள்கிறாள். உறவு அப்படித்தான் திரும்புகிறது. ஆனால் எதையும் விட்டுக்கொடுக்காமல் சேர்ந்தார்கள் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். மாலையை அறுத்து ஆளுக்குப் பாதிக் காசு என்று முடிப்பது பாகப்பிரிவினை. யார் எதை இழக்கச் சம்மதித்தாள், அதை மற்றவள் பார்த்தாளா என்பதில் இருக்கிறது சமாதானம்.

8. எழுதி முடித்ததும், உடன்பிறந்தவரோடு பேச்சு நின்றுபோன ஒருவரிடம் படிக்கக் கொடு. நடை எப்படி என்று கேட்காதே. அக்காவுக்கும் தங்கைக்கும் நியாயம் செய்திருக்கிறேனா என்று மட்டும் கேள். ஒருத்திக்குக் குறை வைத்திருக்கிறாய் என்று அவர் சொன்னால் வாதாடாதே. திரும்ப உட்கார்ந்து எழுது. அந்தத் தாய் மகள்களுக்குச் சமமாகச் செய்யாமல் போயிருக்கலாம். எழுதுகிற நீ செய்தாக வேண்டும்.