லாபம் வந்தும் பங்கு சரிவது ஏன்?

கேள்வி: நான் வைத்திருக்கும் ஐடி நிறுவனம் காலாண்டு லாபம் காட்டியும் பங்கு சரிகிறது. விற்றுவிடட்டுமா?

பதில்: முடிந்துபோன மூன்று மாத லாபம் பெரும்பாலும் விலையில் முன்பே ஏறியிருக்கும். சந்தை கவனிப்பது வரும் ஆண்டுக்கான கணிப்பைத்தான். 2013 ஏப்ரல் 12 அன்று இன்ஃபோசிஸும் லாபம்தான் அறிவித்தது. ஆனால் டாலர் வருமானம் 6 முதல் 10 சதவீதமே வளரும் என்றது. ஐடி நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் துறைக்குக் கணித்திருந்ததோ 12 முதல் 14. ஒரே நாளில் பங்கு 21 சதவீதம் விழுந்தது. ஆண்டு முடிவதற்குள் பழைய விலையைத் தாண்டியும் போனது. பதறி விற்றவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. எல்லாப் பங்கும் அப்படி மீளாது என்பதும் உண்மை. ஆகவே புதிய ஒப்பந்தங்கள், லாப விகிதம், அடுத்த ஆண்டுக் கணிப்பு மூன்றையும் படியுங்கள். அதற்கு முன் தயவுசெய்து விற்காதீர்கள்.